வெள்ளிக்கிழமைக் கிளிப்பு

அமலோற்பவம் மரக் கிளிப்பை உள்ளங்கையில் வைத்தபோது, துணி காயப்போடத்தான் சொல்லுகிறாள் என்று நினைத்துப் பர்னபாஸ் பாயிலிருந்து எழுந்தான்.

"எங்க போறிய? உக்காருங்க" என்றாள்.

மதியச் சோறு முடிந்திருந்தது. வெயில் ஓட்டைப் பிளந்தது. அவள் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். ரவிக்கைக் கொக்கியைத் தானே கழற்றினாள். அதில் புதுமை ஒன்றும் இல்லை. கல்யாணமாகிப் பல வருஷமான புருஷன் பெண்டாட்டி. அடுத்து அவள் சொன்னதுதான் புதுசு.

"இங்கன மாட்டி விடுங்க."

"இதையா? எதுக்குளா? வலிக்குமே."

"வலிக்கணும்."

பர்னபாஸ் கிளிப்பைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். முகத்தில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. காது மடல் மட்டும் சிவந்து கிடந்தது. அப்போதுதான் அவனுக்கு அன்று வெள்ளிக்கிழமை என்பது ஞாபகம் வந்தது. ஈஸ்டருக்கு முன்னால் நோன்பிருந்து உடம்பை ஒறுக்கிற தபசு காலத்து வெள்ளி. சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம்.

அவன் சித்தி ஞானபாக்கியம் தபசு காலம் முழுக்கச் சேலைக்குள் இடுப்பில் முடிச்சுப் போட்ட தேங்காய்த் தும்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டு திரிந்தவள். உட்கார்ந்தால் முடிச்சு குத்தும், குனிந்தால் அறுக்கும். எதற்கு அந்தத் தபசு என்று தெருவுக்கே தெரியும். சித்தப்பா கொழும்பில் இருந்த காலத்தில் நடந்த காரியம் அது. பெண்பிள்ளை தன் உடம்பைத் தானே வருத்தினால் அதற்குப் பின்னால் ஒரு பாவம் இருக்கிறது. அவன் பார்த்து வளர்ந்த கணக்கு அவ்வளவுதான்.

"வள்ளத்துக் கயிறு நனைஞ்சு கெடக்கு. போய் உலர்த்தணும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான். தெருமுனை வரை போன பிறகுதான் கிளிப்பு இன்னும் கைக்குள் இருப்பது தெரிந்தது.

அன்று சாயங்காலம் கோயிலில் ஒவ்வொரு நிலைக்கும் முழங்கால் போட்டபோது அவன் சாமியைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் அமலோற்பவத்தைப் பார்த்தான். அவள் எல்லாரையும் போல முக்காடு போட்டுக்கொண்டு, எல்லாரையும் போலக் கொட்டாவி விட்டாள்.

அவள் வேலை செய்வது ராஜதுரை அண்ணாச்சியின் லாண்டரியில். புது ஹார்பர் வந்த பிறகு கப்பல்காரர்களின் சட்டை, படுக்கை விரிப்பு எல்லாம் அங்கேதான் வருகிறது. மொட்டை மாடியில் கொடி கட்டி உலர்த்துவது இவள். மரக் கிளிப்புகளே ஒரு கப்பலிலிருந்து வந்தவைதான். கப்பலிலிருந்து கிளிப்பு வந்தால், கிளிப்போடு ஆளும் வந்திருப்பானா? யார் அவன்? வெள்ளைக்காரனா, நம்ம ஊர்க்காரனா? யோசிக்க யோசிக்க அவனுக்குப் புத்தி குழம்பியதே தவிர ஒரு முகமும் தட்டுப்படவில்லை.

மறுநாள் வள்ளத்தில் அந்தக் குழப்பம் ஓர் உயிரை வாங்கியிருக்கும்.

பர்னபாஸ் சங்கு குளிக்கிற வள்ளத்தில் கயிறு பிடிக்கிறவன். கடலில் முங்கிச் சங்கு எடுக்கிற குளியாள், சிலுவை என்கிறவன், பாரக் கல்லை மிதித்துக்கொண்டு கீழே போவான். கயிறு பர்னபாஸின் கையில் இருக்கும். கீழிருந்து ஓர் இழுப்பு வந்தால் உடனே தூக்க வேண்டும். 'இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமே' என்று மேலே நிற்கிறவன் நினைக்கக் கூடாது. மூச்சு எவ்வளவு மிச்சம் என்பது கீழே இருக்கிறவனுக்குத்தான் தெரியும்.

அன்று கயிறு இழுபட்டதைப் பர்னபாஸின் கை உணர்ந்தது, மனம் உணரவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி நின்றான். பக்கத்தில் இருந்த ரோச், "ஏலே, கயித்தப் பாருலே!" என்று கத்தின பிறகுதான் இழுத்தான். சிலுவை மேலே வந்தபோது மூக்கிலிருந்து ரத்தம் வடிந்தது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினான். பேச்சு வந்ததும் முதலில் கெட்ட வார்த்தை வந்தது.

"செத்தா போயிட்டலே? கயிறு உன் கையிலதான இருந்துச்சு?"

"தப்பு நடந்து போச்சு சிலுவை."

"தப்பா? ரெண்டு தடவை இழுத்தேம்லே. என் பொண்டாட்டி தாலிய உங்கிட்ட குடுத்துட்டுல்லா நான் கீழ போறேன்."

"மனசு இங்க இல்லலே."

"அப்ப மனச வீட்டுல போயி எடுத்துட்டு வா. அது வரைக்கும் ரோச்சு பிடிக்கட்டும்."

ரோச் கயிற்றை வாங்கிக்கொண்டான். கரை சேரும் வரை பர்னபாஸ் தண்ணீர் இறைத்துக் கொட்டிக்கொண்டிருந்தான். கயிறு பிடிப்பவனுக்கு அதைவிடக் கேவலம் வேறு இல்லை. வீட்டில் ஒருத்தி என்ன மறைக்கிறாள் என்பது தெரியாமல் இனிக் கயிற்றைத் தொடவும் முடியாது.

அமலோற்பவம் வேலை முடிந்து வந்ததும் நேராகவே கேட்டான்.

"எவன்ளா?"

"எவன் எவன்?"

"நீ என்ன பாவத்துக்குளா தபசு பண்ணுத? சொல்லிரு. அடிக்க மாட்டேன்."

அவள் கையிலிருந்த பையை வைத்தாள். விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கினதும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கண் கலங்கியது, அதற்கப்புறம் நல்ல கோபம் வந்தது.

"பாவம் பண்ணவ சாமியார்ட்ட போயி பாவசங்கீர்த்தனம் பண்ணுவா. புருஷங்கிட்ட வந்து கிளிப்ப நீட்டுவாளா? உங்க சித்தி இடுப்புக் கயித்த எவங்கிட்டயாவது குடுத்து கட்டி விடச் சொன்னாளா?"

அது சரிதான். சித்தி யாரிடமும் கொடுக்கவில்லை. சித்தப்பாவே அந்தக் கயிற்றைச் சித்தி செத்த அன்றுதான் தொட்டார்.

"அப்ப எதுக்குளா வலிக்கணும்ங்குத?"

அமலோற்பவம் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். மாடியில் காற்றில் துணியோடு மல்லுக்கட்டும்போது கிளிப்பை வாயில் கவ்வுவாள், விரலில் மாட்டுவாள். ஒரு நாள் விளையாட்டாகக் காதில் மாட்டினாள். முதலில் சுருக்கென்றது. பிறகு உடம்பெல்லாம் அந்த ஓர் இடத்துக்கு ஓடி வந்த மாதிரி இருந்தது. எடுத்த பிறகும் சூடு நின்றது.

"அப்ப உங்க நெனப்பு வந்துச்சு. வேற எவன் நெனப்பும் வரல. நீங்க மாட்டி விட்டா எப்பிடி இருக்கும்னு தோணிச்சு. அதச் சொல்லத்தான் இத்தன நாளா வெக்கப்பட்டேன். சொன்னா, எவன்ளாங்கிறிய."

"வலியா, சொகமா அது?"

"தெரியல. ரெண்டையும் பிரிக்க முடியல."

பர்னபாஸுக்கும் பிரிக்க முடியவில்லை. அவன் அறிந்த வலி மூட்டை தூக்கினால் வரும், கயிறு உள்ளங்கையை உரித்தால் வரும், அப்பா அடித்தால் வரும். ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்கிற வலி அவன் பார்க்காதது. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை என்பது மட்டும் தெரிந்தது. நெஞ்சை அடைத்திருந்த கல் இறங்கியது. குழப்பம் இறங்கவில்லை.

குழம்பினாலும் கையைக் கட்டிக்கொண்டிருக்கிற ஆள் இல்லை அவன். அடுத்த நாள் ஞாயிறு, கடல் இல்லை. செய்வதென்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று, லாரி ஷெட்டில் பேட்டரிக்கு மாட்டுகிற இரும்புக் கிளிப்பு ஒன்றை வாங்கி வந்தான். இரண்டு பக்கமும் பல் வைத்தது.

அமலோற்பவம் அதைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனாள். "என்ன, சுறாவுக்கு மாட்டப் போறியளா?"

"நீதானளா வலிக்கணும்ன."

"மொதல்ல உங்க கையில மாட்டிப் பாருங்க."

கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதையில் மாட்டினான். "யம்மா!" என்று கத்திக்கொண்டு உதறினான். கிளிப்பு தெறித்துத் தண்ணீர்ப் பானையில் போய் இடித்தது. சதையில் பல் பல்லாகத் தடம். ஓரிடத்தில் ரத்தம் துளிர்த்தது. அவள் புடவையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தோல கிழிக்கிறது வேண்டாம். எனக்கு இறுக்கம்தான் வேணும், காயம் இல்ல" என்றாள். முந்தானை முடிச்சிலிருந்து ஐந்தாறு மரக் கிளிப்புகளை எடுத்துப் போட்டாள். லாண்டரியில் கழித்துப் போட்டவை. புழங்கிப் புழங்கி ஸ்பிரிங் தளர்ந்தவை. காற்றடித்தால் ஈரக் கால்சட்டையைத் தாங்காது என்று ஒதுக்கினவை.

ஒவ்வொன்றாகத் தன் கையில் மாட்டிப் பார்த்தான் பர்னபாஸ். இரண்டு இன்னும் கடித்தன, அவற்றைத் தள்ளி வைத்தான். ஒன்றின் வாயில் மரச் சிலாம்பு நீட்டிக்கொண்டிருந்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். மிச்சத்தின் வாயில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி நூலால் கட்டினான். சட்டென்று எடுக்க வருகிறதா என்று ஒரு கையால் அழுத்திப் பார்த்தான். வந்தது. ஒன்றை மாட்டியபடியே கொஞ்ச நேரம் விட்டான். விரல் நுனி வெளுத்தது, மரத்தது. எடுத்தபோதுதான் அசல் வலி வந்தது. கயிறு சுற்றின மணிக்கட்டை அவிழ்த்தால் ரத்தம் குத்திக்கொண்டு ஓடுமே, அதே வலி.

"மாட்டயில இல்லளா, எடுக்கயிலதான் சுள்ளுங்குது. ரொம்ப நேரம் விட்டா மரத்துப் போவும், வலிக்கிறதே தெரியாது. வெளுத்துட்டா நீ சொன்னாலும் சொல்லாட்டியும் எடுத்துருவேன்."

"சரி."

"கழுத்துல கிழுத்துல ஆவாது."

"அங்கன யாரு கேட்டா?"

பர்னபாஸ் கிளிப்புகளைப் பாயில் வரிசையாக அடுக்கினான். ஒரு விஷயம் உறுத்தியது.

"நீ வேண்டாம்னு சொன்னா, அது வேண்டாமா, இல்ல இன்னும்ங்கிறியான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? உம் மொகத்தப் பாத்தா எனக்கு ஒண்ணும் வெளங்கலயே."

'வேண்டாம்' என்று வாய் சும்மாவே சொல்லும் என்பது அமலோற்பவத்துக்கே தெரியும்.

பர்னபாஸ் எழுந்து மூலையில் கிடந்த கயிற்றுத் துண்டை எடுத்தான். ஒரு முனையை அவள் கையில் கொடுத்தான். மறு முனையைத் தன் கையில் சுற்றினான்.

"வாயால என்ன வேணும்னாலும் சொல்லு. நான் கேக்க மாட்டேன். இத இழுத்தா எடுத்துருவேன். அவ்வளவுதான்."

அவள் கதவைத் தாழ் போட்டாள். துணி சுற்றின கிளிப்பை அவள் காட்டின இடத்தில் அவன் மாட்டினான். அவள் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தாள். கண்ணை மூடினாள். "அய்யோ, அய்யோ" என்றாள். அவன் அசையவில்லை. கயிற்றைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்தாள், சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, அழுகை மாதிரி ஒன்று வந்தது. அவனுக்கு எதுவும் பிடிபடவில்லை. அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டான். நிறம் வெளுக்கிறதா என்று மட்டும் ஒரு கண், மற்றது முழுக்கக் கயிற்றில்.

கயிறு லேசாக அசைந்தது. காற்றில் அசைந்ததா, அவள் இழுத்தாளா என்று தெரியாத அசைவு. பர்னபாஸ் யோசிக்கவில்லை. கிளிப்பு அடுத்த நொடி அவன் கையில் இருந்தது. அவள் "ஸ்ஸ்" என்று முனகினாள். சிவந்த இடத்தை அவன் உள்ளங்கையால் மெல்லத் தேய்த்துவிட்டான்.

அவள் கண்ணைத் திறந்தாள். "நான் நெசமா இழுக்கல" என்றாள்.

"பின்னே?"

"சும்மா சுண்டிப் பாத்தேன். ஆளு கயித்துல இருக்காரா, எவன் எவன்னு தேடிப் போயிட்டாரான்னு."

அவனுக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

"இருக்கேன்ளா" என்றான்.

"அப்ப மாட்டுங்க."

அவன் அவள் பக்கத்துக் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி அவள் விரல்களுக்குள் வைத்து மூடினான். தன் பக்கத்துக் கயிறு இறுகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.