சீல் இல்லாத பேரிங்

திருப்பதி பேரிங் கடைக்காரன் நல்லதுக்குத்தான் சொன்னான். எனக்குத்தான் திமிர்.

"மூடி இல்லாத ஓப்பன் பேரிங் வத்து அண்ணா, வேணாம். தூசி பூந்துக்கும். சீல் வச்சதா எடுத்துக்கோ."

"முப்பது வருசம் சித்தூர்ல மாம்பழக்கூழ் ஃபேக்டரில ஃபிட்டரு நான். எனக்கே கிளாஸ் எடுக்கிறியா? சீல் போட்டா எப்டி கிரீஸ் வைக்கிறது?"

அவன் சிரித்துவிட்டு இரண்டு திறந்த பேரிங், இருபது எம்.எம். ஷாஃப்ட் தண்டு, அதை நகராமல் பிடிக்கும் காலர் எல்லாம் கட்டிக் கொடுத்தான்.

என் மனைவி கன்னிகாவைத் தூக்கி இறக்க, சக்கரம் வைத்த சட்டத்தில் கயிறும் பட்டையும் கட்டி, கையால் சுற்றுகிற யந்திரம் ஒன்று வீட்டிலேயே செய்துகொண்டிருந்தேன். அவளுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். குடலிறக்க ஆபரேஷன் ஆனதால் நான் பாரம் தூக்கக் கூடாது. பக்கத்து வீட்டு வெங்கடசாமிதான் தினமும் வந்து அவளைக் குளியலறையில் உட்கார வைத்துவிட்டுப் போவார். குளிப்பாட்டுவது நான். அவர் தங்கமான மனிதர், ஒரு குறை சொல்ல முடியாது.

"இன்னொரு ஆம்பள கை என் மேல பட்டுக்கினே இருக்குதேய்யா. அதுக்கு நான் செத்துப் போலாம்," என்று ஒருநாள் அழுதாள். அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டேன்.

முடிந்ததும் இரண்டு அரிசி மூட்டைகளைச் சேர்த்துக் கட்டித் தூக்கிப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் ஏறி இறங்கியது. அத்தோடு விட்டேனா? ஃபேக்டரியில் ஆயுதபூஜைக்குச் செய்வதுபோலத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சுற்றுகிற இடமெல்லாம் மஞ்சளும் சந்தனமும் குழைத்துப் பூசினேன். அங்கே பேரிங் மூடிய பெட்டிக்குள் இருக்கும். இங்கே திறந்து கிடந்தது. இந்த மரமண்டைக்கு அது உறைக்கவில்லை. வளர்பிறை வரட்டும் என்று ஒன்பது நாள் தொடவில்லை. பூஜை போட்ட பிறகு முதல் பாரம் அவளாகத்தான் இருக்க வேண்டும் என்று மறுபடி மூட்டையும் கட்டிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. பாவாடையை மார்பு வரை ஏற்றிக் கட்டிவிட்டு, அவளைப் புரட்டி அடியில் பட்டையைச் செருகிக் கைப்பிடியைச் சுற்றினேன். கட்டிலை விட்டு எழும்பினாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"யோவ், பறக்கிறேன்யா!"

குளியலறைப் பக்கம் நகர்த்தி இறக்கப் போனபோது கரகரவென்று சத்தம். ஷாஃப்ட் நின்றது. பேரிங்குக்குள் துருவும் மஞ்சளும் சேர்ந்து இறுகிக் கிடந்தன. எண்ணெய் விட்டேன், சுத்தியலால் தட்டினேன், கைப்பிடியில் தொங்கிப் பார்த்தேன். அசையவே இல்லை. இடுப்பு உயரத்தில் அவள் தொங்கினாள். கயிற்றை அறுத்தால் தாங்கிப் பிடிக்க எனக்குத் தெம்பில்லை. பட்டை நெஞ்சை நெரித்தது.

"யாரையும் கூப்டாத. இந்தக் கோலத்துல... வோணாம்யா."

உதடு நீலம் பாரிப்பதைப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்து, "வெங்கடசாமீ, ஓடியாய்யா!" என்று கத்தினேன்.

அவர் அவளை மார்போடு கட்டித் தாங்கிக்கொள்ள, நான் கயிற்றை அறுத்தேன். பிழைத்துக்கொண்டாள்.

இப்போதெல்லாம் வெங்கடசாமி தூக்க வந்தால் அவள் அழுவதில்லை. குளிப்பாட்ட அவர் மனைவி லட்சுமம்மாவைக் கூப்பிடச் சொல்கிறாள். நான் சொம்பை எடுத்துக்கொண்டு போனால், சுவரைப் பார்த்தபடி, "கூப்டாதன்னு சொன்னேனேய்யா. நீ தொடாத," என்கிறாள்.