தாய்மாமன் எந்த இனம்?

ஓர் இனம் உருவாக ஆயிரம் ஆண்டுகள் வேண்டும், கடல் வேண்டும், படையெடுப்பு வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இலங்கையின் பலாபத்வலையில் நல்லையாவுக்கு மூன்று மாதமும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் போதுமாயிருந்தன.

தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவரை அவர் செல்லச்சாமி. வேலை முடிந்து ரோட்டோரத்தில் அறை எடுத்தபோது பெயரைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு நல்லையாவாக வந்தார். தோட்டத்து மருந்துக்காரர் யாழ்ப்பாணத்தவர். அவருடைய பேச்சை நினைவில் வைத்து, 'வாங்கோ', 'இருக்கிறன்' என்று கண்ணாடி முன் பழகினார். சொல்லிப் பார்க்க வேறு ஆள் இல்லை. யாழ்ப்பாணத்தார் அவரை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளின் ஆட்கள் கூப்பிடுவதை அவர் விரும்பவில்லை.

"என்ன ஐயா," என்பார் பக்கத்துக் கடை பதுர்தீன் நானா, "ஆள் வந்தா 'வாங்கோ'. கல்லு தடுக்கினா மட்டும் 'ஆத்தே'யா?"

அறுபத்துமூன்றாம் ஆண்டு ஆனியில் தங்கை சுந்தரம்மா லயத்திலிருந்து வெற்றிலைத் தட்டோடு வந்தாள். மகள் கமலாட்சிக்குக் கல்யாணம்.

"தாய்மாமன் நீங்க வந்து நிக்கணும்ண்ணே."

"பாப்பம்."

"என்ன பாப்பம்? வாய்க்குள்ள வெத்தலையா?"

சிக்கல் இதுதான்: கல்யாணமும் குடிசன மதிப்பு என்ற மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஒரே நாள். அன்றைக்கு யார் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் எழுதுவார்கள். லயத்தில் அகப்பட்டால், யாழ்ப்பாணத்தாரைப் போல 'இலங்கைத் தமிழர்' என்று எழுதாமல், 'இந்தியத் தமிழர்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். மூன்று மாதமும் வீண்.

அவர் போகவில்லை. கல்யாணத்துக்கென்று இஸ்திரி போட்டு வைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு விடிந்ததிலிருந்து நாற்காலியில் காத்திருந்தார். முகூர்த்தம் வந்தது, போனது. பாண் ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றார். ஒருமுறை மேளம் கேட்டதுபோல் எழுந்து நின்றார். வந்தது கலேவெல பஸ்.

பின்னேரம் கணக்கு எழுதுகிறவர் வந்தார். சிங்கள உத்தியோகத்தர்; மரியாதைக்கு 'மாத்தயா'.

"வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

"தெமள தன்னே நே," என்றார் மாத்தயா, தமக்குத் தமிழ் தெரியாது என்று. "லங்காத, இந்தியாத?"

"லங்கா."

அந்தச் சொல்லுக்குப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. மாத்தயா அதையும் நல்லையா என்ற பெயரையும் எழுதிக்கொண்டு, வீட்டில் எத்தனை பேர் என்று சிங்களத்தில் கேட்டார். நல்லையா ஒரு விரலைக் காட்டினார். மாத்தயா அறைக்குள் எட்டிப் பார்த்து, அதை நம்பிக்கொண்டார்.

மறுநாள் காலை சுந்தரம்மா அதிரசப் பொட்டலத்தோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"ஒங்களுக்குப் போட்ட இலைய யாரையும் எடுக்க விடலண்ணே. கணக்கெழுத வந்தவங்ககிட்டயும் ஒங்க பேரைக் குடுத்துட்டேன். தாய்மாமன் இல்லாத கல்யாணம்னு கவுர்மெண்டு பொஸ்தகத்துல ஏறலாமா?"

"என்ன பேரு குடுத்த?" பேச்சு தானாகவே லயத்துக்குத் திரும்பியிருந்தது.

"செல்லச்சாமின்னுதான். வேற என்ன பேரு இருக்கு ஒங்களுக்கு?"

அந்த வருடக் கணக்கில் பலாபத்வலையில் நல்லையா என்றோர் இலங்கைத் தமிழரும், தோட்டத்து லயத்தில் செல்லச்சாமி என்றோர் இந்தியத் தமிழரும் இருந்தார்கள். இருவருக்குமாக நல்ல வேட்டி ஒன்றுதான் இருந்தது.