ஒரே மார்க், இரண்டு பிள்ளைகள்

சீவலப்பேரியில் இம்ப்ரூவ்மெண்ட் பரீட்சை என்றால் யாருக்கும் பிடிபடவில்லை. பிளஸ் டூவில் நன்றாகத் தேறிய பிள்ளை, ஒரு வருஷம் வீட்டிலிருந்து அதே பரீட்சையை மறுபடி எழுதுகிறாள் என்றால் ஊர் என்ன நினைக்கும்?

"என்னவே இசக்கியப்பன், மக ஃபெயிலாமே?" என்று வயல் வரப்பில் வைத்தே கேட்டான் பெருமாள்ராஜ்.

"ஃபெயில் இல்லவே. நாத்தப் பிடுங்கி வேற வயல்ல நடுதோம்லா, பயிரு செத்துப் போச்சுன்னா நடுதோம்? அப்படித்தான் இது."

"அப்பம் அறுப்பு எப்பம்?"

"ஆடியில தெரியும். நீரு உம்ம சோலியப் பாரும்."

இசக்கியப்பன் மகள் பிரியதர்ஷினிக்கு டாக்டருக்குப் படிக்க வேண்டும். முதல் தடவை வாங்கிய மார்க் அதற்குக் கொஞ்சம் குறைந்துபோனது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் திரும்ப எழுதி மார்க்கைக் கூட்டினால் இடம் கிடைக்கலாம் என்றார்கள். தினமும் டவுன் பஸ்ஸில் தச்சநல்லூருக்கு டியூஷன் போய்வந்தாள். அவள் தூரத்தில் ஓடிவருவது தெரிந்தால் கண்டக்டர் நாறும்பூநாதன் விசில் கொடுக்கமாட்டார். தாய் தங்கத்தாய் நடவுக்குப் போகும் வீட்டம்மா, படிக்கிற பிள்ளைக்கென்று தூக்குச்சட்டியில் பால் ஊற்றி அனுப்புவாள். இப்படிப் பல கைகள் தாங்கித்தான் ஏழை வீட்டுப் பிள்ளை ஒரு படி ஏற முடிகிறது.

மார்க் கூடத்தான் செய்தது. ஆனால் அந்த வருஷம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கூடியிருந்தது.

சென்னையில் கவுன்சிலிங் நடந்த மண்டபத்தில் அப்பனும் மகளும் காலையிலிருந்து காத்திருந்தார்கள். பக்கத்தில் மேலப்பாளையத்து மஹ்மூதா பீவியும் அவள் மகள் சபீதாவும். வந்த ரயிலிலேயே பழக்கமாகிவிட்டார்கள். சபீதாவும் ஒரு வருஷம் இருந்து எழுதியவள்தான். இரண்டு பிள்ளைகளும் மார்க்கை ஒப்பிட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டன. மொத்தமும் ஒரே மார்க், உயிரியலும் ஒன்று, வேதியியலும் ஒன்று.

அவர்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசி இடம் தஞ்சாவூரில் இருந்தது. அது சபீதாவுக்குப் போயிற்று.

"ரெண்டு பேருக்கும் மார்க் எல்லாம் ஒண்ணுதான். அப்படி வந்தா வயசுல மூத்தவங்களுக்குத்தான் முதல்ல கொடுக்கணும், ஐயா" என்று மேஜைக்குப் பின்னாலிருந்த அதிகாரி பொறுமையாக எடுத்துச் சொன்னார். "உங்க பொண்ணு வெயிட்டிங் லிஸ்டுல முதல் பேரு. யாராவது வேண்டாம்னா கூப்பிடுவோம்."

இசக்கியப்பன் மகள் ஆனித் தேரோட்டத்தன்று பிறந்தவள். சபீதாவைவிட நாலு மாதம் மூத்தவள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அவர்தான் வயதை ஒரு வருஷம் குறைத்துச் சொன்னார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். நாளைக்கு அரசாங்க வேலைக்குப் போனால் ஒரு வருஷம் கூடுதலாகச் சம்பளம் வாங்கலாம் என்ற ஆசை. தலைமையாசிரியரும் கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டார்.

பிரியதர்ஷினிக்கும் அது தெரியும். பிறந்தநாள் வரும்போதெல்லாம் வீட்டில் சொல்லிச் சிரிக்கிற கதைதான். அவள் தகப்பனை நிமிர்ந்து பார்க்கவில்லை. "வாங்கப்பா, சாப்பிடலாம். காலையிலருந்து நீங்க ஒண்ணும் சாப்பிடல" என்றாள். ஒரு சொல் ஏசியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திரும்பும் ரயிலிலும் நால்வரும் ஒரே பெட்டிதான். விடிந்து, கங்கைகொண்டான் ஸ்டேஷன் வந்தபோது மஹ்மூதா பீவி மெல்லப் பேச்சை எடுத்தாள்.

"அண்ணாச்சி, ராவெல்லாம் எனக்கு உறக்கமே இல்ல. வாப்பா இல்லாத புள்ள. தஞ்சாவூருல எனக்கு யாரத் தெரியும்? எங்க ஆளுக என்ன பேசுவாங்களோ. நாங்க வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா அது உங்க புள்ளைக்குத்தான வரும்? ஒங்களுக்கும் நல்லதாப் போவும். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, அதுபடி செய்யுதேன்."

அவள் மனம் நொந்துதான் கேட்டாள். அதில் சூது இல்லை. சபீதா தலையைக் குனிந்து தாவணி நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். இசக்கியப்பன் மகளைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள்.

ஆமா தாயி, பொம்பளப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்பாதிய. இதைச் சொன்னால் போதும். ஊரில் நூறு பேர் சொல்வதுதான். பாவம் என்றுகூட யாரும் நினைக்கமாட்டார்கள். அவர் வாயைத் திறந்தார். சபீதாவின் விரல் அசைவு நின்றது.

"அனுப்புங்க தாயி" என்றார். "ஒரு வருசம் கண்ணு முழிச்சுப் படிச்ச பிள்ள. அங்கன ஆஸ்டல் இருக்கு, கூடப் படிக்கப் பிள்ளைய இருக்கு. கொண்டுவிடத் துணை இல்லன்னா சொல்லுங்க, நான் வாரேன்."

மஹ்மூதா பீவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜங்ஷனில் இறங்கும்போது சபீதா பிரியதர்ஷினியின் கையைப் பிடித்தாள்.

சீவலப்பேரி பஸ்ஸில் கூட்டமில்லை. வண்டி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் பிரியதர்ஷினி தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"எப்பா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

"கேட்டிருந்தா என்னத்தம்மா சொல்லியிருப்ப?"

அவள் கையிலிருந்த பஸ் டிக்கெட்டை நாலாக மடித்தாள்.

"அனுப்பச் சொல்லித்தான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கலாம்."

அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. சென்னையில் வராத அழுகை. முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். இசக்கியப்பனுக்கு மகளைத் தொட்டு ஆற்றப் பயமாக இருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் அவள் நெற்றி இரும்பில் இடிப்பதைப் பார்த்தார். பைய நகர்ந்து உட்கார்ந்து, கம்பிக்கும் அவள் நெற்றிக்கும் நடுவே தன் உள்ளங்கையை வைத்தார். அவள் விலகவில்லை. ஊர் வரும்வரை கையை அவர் எடுக்கவில்லை.