எழுதினவர் பேசலாம்

சவப்பெட்டியின் கண்ணாடி மேல் யாரோ காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த வட்டத்தை மரிவிக் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தபோது எழுத்தாளர்கள் வந்து சேர்ந்தார்கள்.

எழுத்தாளர்கள் என்றால், ஒருவர்கூட இன்னும் புத்தகம் போட்டதில்லை. மரிக்கினா சந்தைக்குப் பின்னால் ஒரு பேக்கரியின் மாடியில் சனிக்கிழமைதோறும் கூடி, ஒருவர் எழுதிய கதையை மற்றவர்கள் துவைத்துக் காயப்போடுவார்கள். தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மரிவிக்கின் அப்பா கிரிசாந்தோ அங்கே போய்ச் சேர்ந்தார். பெரியவர் என்ற மரியாதைக்கு அவரை 'மாங் சாந்தோ' என்று கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவர் முதலில் மற்றவர் கதைகளைத்தான் கேட்க வேண்டும். காத்திருந்து காத்திருந்து, இந்தச் சனிக்கிழமைதான் அவர் கதைக்கு முறை வந்தது. வியாழக்கிழமை காலை முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இன்றைக்குப் போட்டுக்கொள்ள என்று அவர் தானே இஸ்திரி போட்டு மாட்டியிருந்த சட்டைதான் இப்போது உடம்பில் இருந்தது.

வந்தவர்கள் மூன்று பேர். கூட்டத்தை நடத்தும் மிஸ் எவாங், கல்லூரி ஆசிரியையாக இருந்தவர். அடுத்தவர் பல் டாக்டர் பெலிங். மூன்றாவது ரெனான், ராத்திரியெல்லாம் கால் சென்டரில் அமெரிக்காக்காரனிடம் திட்டு வாங்கிவிட்டுப் பகலில் பேய்க்கதை எழுதுகிறவன். முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே அக்கம்பக்கத்தார் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். சீட்டுக் கச்சேரி இல்லாவிட்டால் துக்க வீட்டில் நாள்கணக்கில் யார் துணைக்கு உட்காருவார்கள்?

அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. தன் கதையை மற்றவர்கள் அலசும்போது எழுதினவர் வாயைத் திறக்கக் கூடாது. எல்லாரும் முடித்து, நடத்துகிறவர் அனுமதி கொடுத்த பிறகுதான் பேசலாம். வாயாடியான அப்பாவுக்கு இது பெரிய சோதனை. அதனால் வீட்டில் ஒத்திகை பார்த்தார். சாப்பாட்டு மேஜையில் ஒரு பிஸ்கட்டோடு உட்காருவார்.

"இதைப் பல்லுல கவ்விக்கிறேன். நீ என் கதையைத் திட்டு. உடையுதான்னு என் வாயையே பாரு."

துணிக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்த மரிவிக், "நல்லாத்தாம்ப்பா இருக்கு," என்பாள். கதையை டைப் அடித்துக் கொடுத்ததே அவள்தான்.

அவர் பிஸ்கட்டை எடுத்துவிட்டுச் சிரிப்பார். "நல்லாருக்குன்னு சொல்ல நீ ஒருத்தி போதும். எங்க நல்லால்லன்னு சொல்ல ஆள் வேணும். அதுக்குத்தான் அங்க போறேன்."

மரிவிக் மூன்று பேருக்கும் காப்பி கொடுத்தாள். பிறகு கேட்டுவிட்டாள்.

"மிஸ், இன்னைக்கு அப்பா முறைதானே? நடத்திடுங்களேன்."

"இங்கயாம்மா? அவர் முன்னாடியா?"

"அவர் முன்னாடிதானே நடத்தணும். அதுதானே உங்க சட்டம்?"

டாக்டர் பெலிங் மூக்கை உறிஞ்சினார். "தங்கமான மனுஷன்..."

"மனுஷனைப் பத்திக் கேக்கல டாக்டர். கதையைப் பத்திச் சொல்லுங்க."

பிளாஸ்டிக் நாற்காலிகள் பெட்டியை நோக்கித் திரும்பின. பைகளிலிருந்து பிரதிகள் வெளியே வந்தன. டாக்டர்தான் ஆரம்பித்தார்.

"அந்த அம்மா பாத்திரம் இருக்கே... எனக்கு அழுகையே வந்துடுச்சு."

கதையில் அம்மாவே கிடையாது. பூட்டிக் கிடக்கிற ஒரு வீட்டில் மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்க்க வருகிற ஒரு ஊழியர், வாசலில் ஒரு நாய். அவ்வளவுதான் கதை. டாக்டர் வேறு யாருடைய கதையோடோ குழப்பிக்கொண்டார் என்று மரிவிக் பொறுத்துக்கொண்டாள்.

ரெனான் பெட்டியைப் பார்த்தே பேசினான். "கடல் வர்ற இடம் அட்டகாசம், மாங் சாந்தோ."

கடலும் கிடையாது.

"ரெனான், நீ படிச்சியா?"

அவன் தன் செருப்பைப் பார்த்தான். "அக்கா... நாங்க எப்பவுமே சனிக்கிழமை காலையில ஜீப்னி வண்டியில வரும்போதுதான் படிப்போம். வியாழக்கிழமை சேதி வந்துடுச்சு. அப்புறம்..."

"அப்புறம்?"

"அப்புறம் எதுக்குன்னு..."

டாக்டர் அவன் முழங்கையை இடித்தார். மரிவிக் மிஸ் எவாங் பக்கம் திரும்பினாள். "நீங்களுமா மிஸ்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நேத்து கையில எடுத்தேம்மா. இனிமே இதை யார் திருத்தப் போறாங்கன்னு தோணிச்சு. வச்சுட்டேன்."

மரிவிக்குக்குக் கோபம் வந்தது. அதைவிட வேகமாக அழுகை வந்தது. கண்ணீர் பெட்டியின் கண்ணாடியில் விழுந்தால் போகிற உயிர் தவிக்கும் என்பார்கள். ஜன்னல் பக்கம் தள்ளிப் போய் நின்று அழுதாள். டைப் அடித்த அவளைத் தவிர உலகத்தில் ஒரே ஓர் ஆள்கூட அப்பாவின் கதையைப் படித்திருக்கவில்லை.

மிஸ் எவாங் பிரதியை மூடி, தட்டி நேராக்கினார். எத்தனையோ சனிக்கிழமைகளின் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சரி. எல்லாரும் பேசியாச்சு. இப்ப எழுதினவர் பேசலாம்."

சொன்ன பிறகுதான் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் எல்லாரும் பெட்டியைத் திரும்பிப் பார்த்திருந்தார்கள். முற்றத்தில் யாரோ ஆட்டம் ஜெயித்துக் கைதட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் மூவரும் எழுந்து, தலையைக் குனிந்தபடி போனார்கள். துக்க வீட்டார் வந்தவர்களை வாசல் வரை போய் அனுப்பக் கூடாது, நன்றியும் சொல்லக் கூடாது. அந்தச் சம்பிரதாயத்தின் மேல் மரிவிக்குக்கு அன்றுதான் மரியாதை வந்தது.

டாக்டர் தன் பிரதியை பிஸ்கட் தட்டுக்கு அடியில் விட்டுப் போயிருந்தார். மரிவிக் அதை எடுத்தாள். சீட்டாட்டத்தில் புள்ளி எழுதுகிறவரிடம் பென்சிலைக் கேட்டு வாங்கினாள். அப்பாவின் தலைமாட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முதல் பக்கம் முழுக்க அப்பா மீட்டர்களின் வகைகளை விவரித்திருந்தார். டைப் அடிக்கும்போதே அவளுக்குக் கொட்டாவி வந்த பக்கம் அது.

"அப்பா, முதல் பக்கம் பூரா வேண்டாம்," என்றாள். "நாய் வர்ற இடத்துலதான் கதையே ஆரம்பிக்குது."

பென்சிலால் பக்கத்தை மேலிருந்து கீழாக அடித்தாள். பிறகு நிமிர்ந்து, அவர் வாயைப் பார்த்தாள்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.