லின்ஃபீல்டில் ஆடிய வீடு

1992ஆம் ஆண்டு மே மாதம் பாவ் குடும்பம் குடியேறிய லின்ஃபீல்ட் வாடகை வீடு, நங்கூரமிட்ட படகைப் போல இரவும் பகலும் ஆடியது. பக்கத்து வீடுகள் அசையவில்லை. பாவ், அவர் மனைவி லான், மூன்று பிள்ளைகள் எல்லோரும் வியட்நாமிலிருந்து படகேறித் தப்பி, ஹொங்கொங் முகாமில் சில வருடங்கள் கிடந்து நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்தவர்கள். அவர்களைப் பொறுப்பேற்றது ஒரு தேவாலயத்தின் தமிழ்க் குழு. முதலில் தேவாலய மண்டபத்தில் தங்கவைத்தார்கள். அந்த மண்டபமும் ஆடியது. பூப்பந்து ஆடுகிறவர்கள் தங்கள் பந்து கோணலாகப் போவதாக முறையிட்டதால், இந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் மலேசியத் தமிழர் வரதராஜன்.

குழு வீட்டுக்குப் பொருள் சேர்த்தது. வந்தவற்றைச் சொல்ல நாக்கூசுகிறது. மூத்திரக்கறை படிந்த மெத்தை, அடி கருகிய சட்டி, ஒற்றைச் சப்பாத்துகள், பாதி தீர்ந்த ஷாம்பூ. நாய்க்கும் போடாததை இறைவனின் பெயரால் கொடுத்தார்கள். கொடுத்ததைப் பார்வையிடவும் ஒரு ஞாயிறு பூசை முடிந்து நல்ல உடுப்போடு போனார்கள். வாசலைத் தாண்டியதும் எல்லோருக்கும் குமட்டியது. குழுவைச் சேர்ந்த கிளாரா பூச்சட்டியில் சத்தியெடுத்தார். குழுவின் தலைவர் செல்வராஜ், எல்லர்ஸ்லியில் கணக்காளர், பருத்த மனிதர், குளியலறைக் கதவைப் பிடித்தபடி ஓங்காளித்தார். நாற்றத்தில் மற்றவர்களுக்கும் வந்தது. செல்வராஜின் மனைவி விக்ரோறியா மட்டும் கால் பிசகாமல் நடந்து, குசினிக்குள் போய், லானுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தார்.

செல்வராஜ் வாயைத் துடைத்துக்கொண்டு அவர் காதருகே குனிந்தார். "நீரும் கொஞ்சம் சத்தியெடுமன். எல்லாரும் பாக்கினம்."

"வராட்டி நான் என்னப்பா செய்யிறது?"

அவருக்கு வராததன் காரணம் செல்வராஜுக்குத் தெரியும். விக்ரோறியா 1985இல் மன்னார் பேசாலையிலிருந்து வள்ளத்தில் இராமேஸ்வரம் போய், மண்டபம் அகதி முகாமில் இருந்தவர். திருமணத்துக்குப் பிறகு செல்வராஜ் அதைச் சென்னையில் படித்ததாக மாற்றிச் சொல்லிவைத்திருந்தார். குழுவில் எல்லோரும் விமானத்தில் வந்தவர்கள். அதை அடிக்கடி சொல்லியும் கொள்வார்கள்.

அடுத்த வாரம் வரதராஜன் வந்தார். பாதி படியில் நின்று தலையைப் பிடித்துக்கொண்டார். "வீடு ஆடுனா என் மோர்ட்கேஜும் சேர்ந்து ஆடும் லா. சனிக்கிழமை வந்து மேசையில ஒரு கப் டீ நெறைய ஊத்தி வைப்பேன். சிந்தாம இருந்தா பெர்மனெண்டா இருக்கட்டும். சிந்துச்சுனா நீங்க வேற எடம் பாருங்க." வேறு இடம் எதுவும் இருக்கவில்லை. எந்த முகவரும் அந்தக் குடும்பத்துக்கு வீடு காட்டச் சம்மதிக்கவில்லை.

விக்ரோறியா தினமும் மத்தியானம் போனார். ஐந்து பேரும் முன்னறையின் ஒரு மூலையிலேயே, படகில் இருந்ததுபோல, ஒருவர் மடியில் ஒருவராக ஒடுங்கியிருப்பதைப் பார்த்தார். மற்ற அறைகளில் படுக்கச் சொன்னால் பிள்ளைகள் நடுங்கினார்கள். பாரம் ஒரு பக்கம் இருந்தால் எந்த வள்ளமும் ஆடும். அவர் எதிர்மூலையில் போய் அமர்ந்தார். ஆட்டம் பாதியாகக் குறைந்தது. ஒரு மெலிந்த பெண்ணின் பாரம் அவ்வளவுதான் செய்யும்.

வெள்ளிக்கிழமை செபக்கூட்டம் முடிந்ததும் அவர் எழுந்து, நாளை எதிர்மூலையில் வந்து இருக்க ஆட்கள் வேண்டும் என்றார். இது உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள்.

"நானும் வள்ளத்திலதான் வந்தனான். ஓட்டி எங்களை அப்பிடித்தான் சமனா இருத்தினவர். பக்கத்தில இருந்த ஆரோ ஒரு மனுசி கரை காணுமட்டும் என்ர கையை விடேல்லை."

கிளாரா வாயை மூடிக்கொண்டு பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "கள்ளத்தோணியே! நாங்கள் ஏதோ படிச்ச பிள்ளையெண்டெல்லோ நினைச்சம்." சிரித்தார்கள். இயேசுவின் படத்துக்குக் கீழே, மெழுகுவர்த்தி இன்னும் எரிந்துகொண்டிருக்கையில், கையில் றோல்ஸும் கேக்கும் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். செல்வராஜ் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை குழுவிலிருந்து ஒருவரும் வரவில்லை. வரதராஜன் தேநீரை விளிம்புவரை ஊற்றி மேசையில் வைத்தார். அது ஒரு பக்கம் சாய்ந்து ஏறியது. விக்ரோறியா எதிர்மூலையில் தனியாக இருந்தார். அப்போது செல்வராஜ் கையில் ஒரு வாளியோடு உள்ளே வந்தார். ஒருவரையும் பார்க்காமல் மனைவியின் அருகே தரையில் அமர்ந்தார். வாளிக்குள் சத்தியெடுத்தார், மறுபடியும் எடுத்தார், எழும்பவில்லை. விக்ரோறியா அவர் முதுகைத் தடவினார். பாவ் ஈரத்துணி கொண்டுவந்து அவர் நெற்றியில் வைத்தார். கோப்பைக்குள் தேநீர் நடுங்கி, விளிம்பைத் தொட்டு, அடங்கியது.

வரதராஜன் அதைத் தானே குடித்துவிட்டு, சீனி போதாது என்றார்.

அதன்பின் கணவனும் மனைவியும் வேலை முடிந்து மாலையில் அங்கே போய் இருந்தார்கள். குழுவினர் அவர்களோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். பகலில் பக்கத்து டெய்ரி என்ற சில்லறைக்கடைக்காரரின் தாய் பின்னல் வேலையைக் கொண்டுவந்து எதிர்மூலையில் இருந்தார். தபால்காரர் தேநீருக்கு நின்று போனார். செல்வராஜுக்குக் குமட்டல் நிற்க ஆறு மாதம் ஆயிற்று. பாவின் பிள்ளைகள் ஒவ்வொருவராக மற்ற அறைகளுக்குப் படுக்கப் போனார்கள். 1997இல் பாவ் அந்த வீட்டை வரதராஜனிடமே வாங்கினார். காற்று அடிக்கும் நாட்களில் அது இன்றும் கொஞ்சம் ஆடும். இதற்கிடையில் பிறந்த விக்ரோறியாவின் மகள் அஞ்சலினா நடைபழகியது அங்கேதான். அந்த வீட்டில் அவள் ஒருநாளும் விழுந்ததில்லை. வெளியே தெருவில், அசையாத தரையில்தான், சில காலம் தடுக்கி விழுந்தாள்.