பாறைக்கு அடியில் நீலச் சுவர்

எரிமலைக் குழம்பு ஃபோகோ தீவின் அந்த மலையூரை விழுங்கிய பின், அனிபாலுக்கு மிஞ்சியது பாறைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த புகைபோக்கி மட்டும்தான். அவனே நீலச் சாயம் பூசிய அடுப்பங்கரை அதற்கு நேர் கீழே புதைந்து கிடந்தது. அதே இடத்தில் மறுபடி வீடு கட்டத் துடித்தான். அது தன் இடம்தான் என்று காட்ட வேறு அடையாளம் எதுவும் கிடையாது.

ஒரு நாள் காலையில் போனால் புகைபோக்கியைக் காணோம். உடைந்த சிமெண்டுத் துண்டுகளுக்கு நடுவே அண்ணன் செஃபெரினோ கடப்பாரையோடு நின்றான்.

"எங்கடா உன் வீடு? காட்டு பாப்போம்," என்று இளித்தான். "இது என் பங்கு. திராட்சைக் கொடி வைக்கப்போறேன்."

அனிபால் பாய்ந்து கடப்பாரையைப் பிடுங்கினான். செஃபெரினோ கல்லால் அவன் வாயில் அறைந்தான்; பல் தெறித்தது. கட்டிப் புரண்டார்கள். புதுப் பாறை சும்மா விடுமா? முழங்கை, முதுகு, கன்னம் எல்லாவற்றையும் துருவி எடுத்தது. அனிபால் கடப்பாரையை ஓங்கி அண்ணன் முழங்காலில் போட்டான். அவன் நொண்டிக்கொண்டே வழவழப்பான பாறைக்குப் பின்வாங்கினான்.

கரடுமுரடான பாறை காலைக் கிழிக்கும், ஆனால் ஆளைத் தாங்கும். கயிறு திரித்ததுபோல் வழவழவென்று உறைந்ததை நம்பக் கூடாது. குழம்பு உள்ளே வடிந்தோடி, மேல்தோல் மட்டும் நிற்கும். தட்டிப் பார்க்காமல் அதில் அந்த ஊரார் யாரும் கால் வைப்பதில்லை. தட்டுகிற கடப்பாரையோ இப்போது அனிபால் கையில்.

ஓரத்தில் தட்டினான். வெறும் பானையின் சத்தம் வந்தது. ஆத்திரத்தில் இருந்த செஃபெரினோவுக்கு அது காதில் ஏறவில்லை. பெரிய கல் ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கினான்.

'அங்கே நிக்காதே' என்று ஒரு வார்த்தை. பாவி, சொல்லித் தொலைத்திருக்கலாம். அனிபால் ரத்தத்தைத் துப்பினான்.

"போடுடா! ஆம்பளையா இருந்தா போடு!"

செஃபெரினோ எம்பினான். காலடியில் இருந்த பாறை உடைந்து, கல்லோடு உள்ளே போனான். துளையிலிருந்து சூடான ஆவி குப்பென்று அடித்தது.

"அனிபாலு... சுடுதுடா..." அடியிலிருந்து குரல் வந்தது. "நீலச் சுவரு தெரியுது. உன் அடுப்பங்கரைதான்டா. உன் வீடுதான், ஒத்துக்கறேன். கயிறு போடு."

அனிபால் அலறிக்கொண்டு ஓடினான். கயிற்றோடு திரும்பியபோது உள்ளே சத்தமே இல்லை.

"அண்ணே! நீயே வெச்சுக்க அண்ணே, இடத்த நீயே வெச்சுக்க!" என்று கத்திக் கத்திக் கயிற்றை ஆட்டினான். மறுமுனையை யாரும் பிடிக்கவில்லை.