மூன்றாவது படம்

வீடு விற்றுக்கொடுக்கும் தரகர் அவரை "மூணு சார்" என்றுதான் கூப்பிடுவார். தரகரின் கைபேசியிலும் அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறார். எந்த அறைக்குள் நுழைந்தாலும் கேமராவைத் தாங்கும் ட்ரைபாடை நிறுத்தி, ஒரே காட்சியை மூன்று படமாக எடுக்கிறவருக்கு வேறு என்ன பட்டம் கிடைக்கும்? முதல் படம் கேமரா கணக்குப் போட்ட சரியான வெளிச்சத்தில், இரண்டாவது இருட்டாக, மூன்றாவது வெளுத்துப்போய். பிராக்கெட்டிங் என்று அதற்குப் பெயர். பொத்தானை ஒரு தடவை தட்டினால் போதும், மூன்றையும் கேமராவே அடுத்தடுத்து எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் மூன்றையும் சேர்த்து ஒரே படமாக்கினால் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரமும் தெரியும், அலமாரிக்கு அடியில் இருக்கும் மூலையும் தெரியும். இதை அவர் தரகரிடம் பொறுமையாக விளக்கியிருக்கிறார். தரகர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, "ஹாலை மட்டும் கொஞ்சம் பெருசா காட்டிடுங்க மூணு சார்" என்று முடித்துக்கொள்வார்.

காலி வீடுகளைப் படம் எடுப்பதில் ஒரு நிம்மதி உண்டு. சுவர் கண்ணை மூடாது, கதவுக்கு முகம் கோணாது. ஒரு காலத்தில் கல்யாணம், பிறந்த நாள் என்று ஊர் முழுக்க ஓடியவர்தான். ஊரான் வீட்டுக் குடும்பங்களையெல்லாம் வரிசையாக நிறுத்திச் சிரிக்கச் சொன்னவர், தன் குடும்பத்தோடு நின்ற படம் என்று தேடினால் ஒன்றுகூடத் தேறாது. எல்லாப் படத்திலும் அவர் கேமராவுக்குப் பின்னால் இருந்தார். பிறகு குடும்பத்தில் இருந்தே வெளியே வந்துவிட்டார். மனைவியும் மகளும் ஒரு வீட்டில், அவர் ஒரு அச்சகத்தின் மாடியில் இரண்டு சிறிய அறைகளில். மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

இப்போது அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. மறுநாள் விமானம். போவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று போனில் சொல்லியிருந்தாள். அன்று காலை ஒரு வீட்டை முடித்துக்கொண்டு அவசர அவசரமாக வந்து, அறையைப் பெருக்கி, சோபாவின் கிழிந்த பக்கத்தில் ஒரு துண்டைப் போட்டு மூடினார். அவருக்கு இருந்தது ஒரே ஆசை. 'நாளைக்கு வழியனுப்ப வாங்கப்பா' என்று அவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கூப்பிடாத இடத்தில் போய் நிற்க அவருக்கு வராது. மனைவியும் மச்சானும் நிற்கிற இடத்தில், இவரை யார் கூப்பிட்டது என்ற பார்வையை அவரால் தாங்க முடியாது. மகள் கூப்பிட்டுவிட்டால் அந்தப் பார்வையை ஒரு கை பார்த்துவிடலாம்.

மகள் மதியத்துக்கு மேல் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டாள். கீழே அச்சு இயந்திரம் ஓடும்போதெல்லாம் தரை லேசாக அதிர்ந்தது.

"இந்தச் சத்தத்துல எப்படிப்பா தூங்குறீங்க?"

"ராத்திரி ஓட்ட மாட்டாங்கம்மா. ஓடாதப்பதான் தூக்கம் வரலை."

அவள் சிரித்தாள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது, கொஞ்ச நேரத்துக்கு. சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். குளிர் நாடாமே, கம்பளி எடுத்து வைத்தாயா என்று கேட்டார். எடுத்தாச்சு என்றாள். தங்குகிற இடம் ஆபீசுக்குப் பக்கமா என்று கேட்டார். பக்கம்தான் என்றாள். போனில் பேசுவதையே நேரில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று அவள் ஆரம்பித்தாள்.

"இரும்மா, தண்ணி கொண்டாறேன். வந்ததுல இருந்து தண்ணிகூடக் குடுக்கலை பாரு."

எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் குடித்தாள். டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "நாளைக்கு ஏர்போர்ட்டுக்கு அம்மா, மாமா எல்லாரும் வர்றாங்க" என்றாள். சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

அந்த நிறுத்தத்தில் ஒரு ஆள் நுழைந்து உட்கார இடம் இருந்தது. மனுஷன் நுழைந்தாரா என்றால், இல்லை. "நல்லதும்மா. பெட்டி தூக்க ஆள் வேணும்ல" என்றார். சொன்ன மாத்திரத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இருந்தாலும் அவளே கூப்பிடட்டும் என்று வீம்பாகக் காத்திருந்தார். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டது. நல்லவேளை என்று எழுந்து போய் அதைச் சாத்தினார்.

திரும்பும்போதுதான் மூலையில் ட்ரைபாடும் கேமராவும் கண்ணில் பட்டன.

"ஒரு படம் எடுத்துக்கலாமா? நீயும் நானும்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்களா? படத்துலயா?" என்று கேட்டாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நடுவில் தள்ளி உட்கார்ந்தாள்.

கேமராவை சோபாவுக்கு எதிரே நிறுத்தி, டைமரை வைத்து, பொத்தானை அழுத்திவிட்டு ஓடிவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எத்தனையோ பேரை நேராக உட்காரச் சொன்னவருக்குத் தன் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இரண்டு கையையும் முட்டி மேல் வைத்துக்கொண்டார். கேமரா கீக் கீக் என்று எண்ணியது. கடைசியில் வேகமாகக் கத்தி, நின்றது. அவ்வளவுதான், விழுந்துவிட்டது என்று எழுந்து கேமராவை நோக்கிப் போனார். படம் எடுத்த கையோடு அது எப்படி வந்திருக்கிறது என்று பார்க்காவிட்டால் அவருக்கு மண்டை வெடித்துவிடும்.

அது கண்ணாடி மேலே கீழே போய்வரும் பழைய ரகக் கேமரா இல்லை, மிரர்லெஸ். டைமர் மட்டும்தான் கத்தும், படம் எடுக்கும்போது சத்தம் வராதபடி வைத்திருந்தார். எடுத்து முடித்ததா, இன்னும் எடுக்கிறதா என்று காது சொல்லாது. காலையில் அந்தக் காலி வீட்டில் எப்படி வைத்தாரோ அப்படியேதான் கேமராவில் எல்லா அமைப்பும் இருந்தது என்பதும் அவர் நினைப்பில் இல்லை. திரையில் படம் வந்தது. இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில், இரண்டு பேருமே சிரித்தபடி. படிக்கிற கண்ணாடியைப் போடாமலே, "நல்லா வந்திருக்கும்மா" என்றார்.

அவள் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தாள். "சரிப்பா" என்றாள். கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிட்டாள். படியிறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "பத்திரம்மா" என்றார். நாளைக்கு வாங்க என்று அவள் சொல்லவில்லை. நான் வரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. அவள் போன பிறகு அறை முன்பு இருந்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது. தரகர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

மறுநாள் காலை தரகரின் போன்தான் எழுப்பியது. வீட்டுப் படம் இன்னும் வரவில்லை, வாங்குகிறவர் கழுத்தில் கத்தி வைக்கிறார் என்று உயிரை வாங்கினார். இதோ என்று கேமராவில் இருந்த எல்லாப் படங்களையும் கம்ப்யூட்டரில் கொட்டி, மொத்தமாக இணைக்கச் சொல்லிவிட்டுப் பல் துலக்கப் போனார். மும்மூன்றாகப் பிரித்து ஒன்றாக்கும் வேலையை அது தானாகவே செய்யும். நடுவில் ஏதாவது அசைந்திருந்தால் அதையும் துடைத்து எடுத்துவிடும். திரைச்சீலை ஆடினாலும், வேலையாள் குறுக்கே போனாலும், கடைசிப் படத்தில் அறை துளி அசையாமல் நிற்கும். வாங்குகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கும்.

வந்து பார்த்தபோது ஹால், சமையலறை, குளியலறை எல்லாம் பளிச்சென்று வரிசையாக இருந்தன. குளியலறைக்கு அடுத்த படத்தில் அவரும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் சிரிப்பு வந்தது. பிராக்கெட்டிங்கை நிறுத்தாமலேயே எடுத்திருக்கிறோம், இவ்வளவு வருஷத் தொழிலில் இப்படி ஒரு கோமாளித்தனமா என்று தலையில் அடித்துக்கொண்டார். மகளுக்கு அனுப்ப முதல் படத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்று மூன்றையும் திறந்தார்.

முதல் படம் நேற்றுத் திரையில் பார்த்ததுதான்; அடுத்தடுத்து எடுத்தால் அந்தக் கேமரா முதலாவதைத்தான் காட்டும். இரண்டாவது ஒரே இருட்டு. அதில் மகளின் சிரிப்பு கொஞ்சம் தளர்ந்து, அவள் அவர் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தாள். அவர் பின்பக்கம் ஏதோ வெளிறலாகத் தெரிந்தது. மூன்றாவதைத் திறந்தார்.

அறைக்குள் வெளிச்சம் குறைவு என்பதால் மூன்றாவது படத்துக்குக் கேமரா நிதானமாக நேரம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்குள் எழுந்து நடந்துவிட்டதால் அவர் அந்தப் படத்தில் ஒரு கலங்கலாகத்தான் இருந்தார். அவர் ஊடே சோபாவும், மேலே போட்ட துண்டும் தெரிந்தன. மகள் தெளிவாக இருந்தாள். அவளுடைய கை மேலே எழுந்து, அவருடைய தோள் இருந்த இடத்தில் நின்றது. விரல்கள் விரிந்திருந்தன. கண் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

படம் எப்படி விழும் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அசைந்தது கலங்கும், அசையாதது தெளிவாக விழும். அந்தக் கையின் நகம்கூடத் தெளிவாக இருந்தது. அப்படியென்றால் வைக்க வந்த கையை அவள் உடனே எடுக்கவில்லை. தோள் போன பிறகும் அந்த இடத்திலேயே வைத்திருந்தாள். அவர் அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு கேமராவைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். இணைத்த படத்தில் அந்தக் கையே இல்லை. முதல் படத்தில் இல்லாததால், அசைந்தது என்று சொல்லிக் கம்ப்யூட்டர் அதைத் துடைத்துவிட்டிருந்தது.

கைபேசியைத் தேடினார், மேசை மேலேயே இருப்பது தெரியாமல் தேடினார். விமானத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. ஆனால் இங்கிருந்து கிளம்பி அங்கே போய்ச் சேர்வதற்குள் அவள் உள்ளே போயிருப்பாள். கூப்பிட்டார்.

"அப்பா? நான் உள்ள வந்துட்டேனே." அவளைச் சுற்றி ஒரே இரைச்சலாக இருந்தது.

"தெரியும்மா. வந்து…" மென்று முழுங்கினார். "நேத்து என் தோள் மேல கை போட வந்தியா?"

அந்தப் பக்கம் யாரோ ஒருவர் பெயரைச் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"படத்துல விழுந்திருக்கா?"

"விழுந்திருக்கு."

"வந்தேம்ப்பா. அதுக்குள்ள நீங்க எந்திரிச்சுட்டீங்க." குறை சொல்கிற மாதிரி இல்லை, நடந்ததை நடந்தபடி சொன்னாள். "பரவால்ல. பழகினதுதானே."

சாப்பாட்டு மேசையில் பேச்சு கனத்தபோதெல்லாம், அவள் மார்க்கைக் காட்ட வந்தபோது, அவள் அம்மா அழுதபோது, அவர் எழுந்து போயிருக்கிறார். தண்ணீர், ஜன்னல், கேமரா என்று எழுந்திருக்க ஏதாவது ஒரு சாக்கு இருந்தது. கடைசியாக எழுந்தபோது பையையும் எடுத்துக்கொண்டார். தன்னை யாரும் இருக்கச் சொல்லவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

"நேத்து ஒண்ணு சொல்லணும்னியே. நான் தண்ணி எடுக்கப் போயிட்டேன்."

"ஆமா."

"என்னம்மா அது?"

"வழியனுப்ப வர்றீங்களான்னு கேக்க வந்தேன்" என்றாள். "நீங்களா வரேன்னு சொல்லுவீங்கன்னும் பாத்தேன். சொல்லலை. வேணாம்னு நினைக்கிறீங்க போலன்னு விட்டுட்டேன்."

காதோரம் டொக் டொக் என்று இன்னொரு அழைப்பு வந்தது. தரகராகத்தான் இருக்கும். அவருக்குக் கால் பரபரத்தது. எழுந்து அறைக்குள் நாலு தடவை நடந்தால் தேவலை போல இருந்தது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வரணும்னுதாம்மா இருந்தேன். நீ கூப்பிடணும்னு உக்காந்திருந்தேன், மடையன்."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. "ப்ளைட்ல ஏத்துறாங்க, வரிசை நகருதுப்பா. வைக்கட்டுமா?"

எப்போதும் 'சரி, வை' என்று முதலில் வைப்பது அவர்தான். "நீ போய்க்கிட்டே இரும்மா. போனை வைக்காத. எதுவும் பேச வேணாம், நான் லைன்லயே இருக்கேன்."

அவள் வைக்கவில்லை. பெட்டியின் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது, யாரோ பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள், அவள் நன்றி சொன்னாள். நடந்தாள், நின்றாள், மறுபடி நடந்தாள். உட்கார்ந்த சத்தமும் பெல்ட்டை மாட்டிய சத்தமும்கூட வந்தன. போனை அணைக்கச் சொல்லி ஒரு பெண் குரல் சொன்னது. "அப்பா, இருக்கீங்களா?" என்று கேட்டாள். "இருக்கேம்மா" என்றார். அதோடு இணைப்பு போனது.

அதற்குப் பிறகும் அவர் கைபேசியைக் காதில் இருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று தெரியும். இருந்தாலும் விமானம் மேலே ஏறியிருக்கும் என்று தோன்றுகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.